பாலத்தின் மேல் மூன்று தடவை

தூங்குகிறவள் முகத்தில்
கண்மையால் மீசை.
சட்டம் போட்டவள் தபஸ்ஸும்.
மொட்டை மாடி அவளுடையது,
கோரைப்பாய் இரண்டும்
தலையணை நான்கும்
ஐந்தாமவளுக்குச் சுருட்டிவைத்த பழைய சுடிதாரும்.

எனக்கு இதுதான் முதல் அனுமதி.
பத்து மணிக்கு ஒரு போன்,
பதினொன்றுக்கு இன்னொன்று.
"மாடியிலயா? கைப்பிடிச் சுவர் இருக்கா?"
இருக்கு, இடுப்பு வரைக்கும் இருக்கு என்று
அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு
அம்மாவுக்குச் சொன்னேன்.

ஜூன் கடைசி.
காற்று திரும்பும்போதெல்லாம் கூழ் ஆலையின் மாம்பழ வாடை.
முதலில் இனிப்பு, கொஞ்ச நேரத்தில் புளிப்பு,
அப்புறம் மூக்கு அதை மறந்துவிடும்.
சையத் பாஷா மலை
இருட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இருட்டாக உட்கார்ந்திருந்தது.

பன்னிரண்டுக்குப் பேய்க்கதை.
ரெஜினாவின் பேய்க்குக் காவேரிப்பட்டணத்தில் சொந்த வீடு,
ரேஷன் கார்டுகூட உண்டு.
ஒரு மணிக்கு கெமிஸ்ட்ரி மிஸ்ஸின் நடை
(நடந்து காட்டியது நான், விக்கல் எடுத்தது மஞ்சுளா).
ஒன்றரைக்கு
காபித்தூளை வெறும் நாக்கில் வைத்துக்கொண்டோம்.
இரண்டு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் இருக்கிறது.
அதை அதுவரை நான் பார்த்ததில்லை.

முதலில் விழுந்தது சட்டம் போட்டவள்.
ரெஜினா வரைந்தாள்,
நுனியை மேலே முறுக்கிவிட்டாள்,
முறுக்கிய கையோடு தானும் சாய்ந்தாள்.
"கண்ண மட்டும் மூடிக்கிறேன்" என்ற மஞ்சுளா
அதன்பின் பேசியதெல்லாம் குறட்டை.

மிஞ்சியது நானும் முனிலட்சுமியும்.

போன வருஷம் வந்து சேர்ந்தவள்.
கடைசி பெஞ்ச்.
முதல் பீரியடில் தூங்கிவிடுவாள், தினமும்.
அதற்கென்றே அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது.
வைத்தது நான்தான்.
இவளை எதுக்குடி கூப்பிட்ட என்று
சாயங்காலம் தபஸ்ஸுமைக் கேட்டதும் நான்தான்.

அவள் ஒரு கொட்டாவிகூட விடவில்லை.
நெடுஞ்சாலைப் பக்கமாய்த் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.
"பன்னெண்டு சக்கரம்" என்றாள்.
"இது காலி. பலகையெல்லாம் குதிக்குது பாரு."
"இது கல்லு ஏத்தினது."
எனக்கு எல்லாம் ஒரே உறுமல்.

"செவ்வாயும் சனியும் அப்பா இப்படித்தான் தாண்டுவாரு.
ஓசூர்ல லோடு ஏத்திட்டு
மூணரைலேர்ந்து நாலுக்குள்ள.
நிறுத்த நேரம் இருக்காது.
பாலத்து மேல மூணு தடவ ஆரன் அடிப்பாரு."

"எதுக்கு?"

"போறேன்னு."

"நீ?"

"லைட்டப் போட்டு அணைப்பேன்.
தெரியுமான்னு தெரியல.
அங்கேர்ந்து பாத்தா எத்தன லைட்டு."

"மத்த நாளு?"

"மத்த நாளும் முழிப்பு வந்துடும்."

சனி பிறந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.
மூன்றே முக்கால்.
நான்கு.
கீழ்த் தெருவில் ஒரு நாய் எதையோ தொடங்கிப் பாதியில் விட்டது.
என் போனில் சார்ஜ் ஆறு சதவீதம்.
நான் எதையும் கேட்கவில்லை.
கேட்டால் லாரி வராது போலிருந்தது.

நான்கு பத்துக்கு
தூரத்தில் ஒரு ஆரன்.
மறுபடி ஒன்று.
அவ்வளவுதான்.

"ரெண்டு" என்றேன்.

"மூணு" என்றாள்.
"முதலாவது உனக்குக் கேக்கல. பழக்கம் இல்லல்ல."

டார்ச்சைப் போட்டு
பாலம் இருக்கும் பக்கமாய்க் கையைத் தூக்கினேன்.
போட்டேன், அணைத்தேன்.
போட்டேன்.
போன் செத்துப்போனது.

திரும்பிப் பார்த்தால் தூங்கியிருந்தாள்,
சுடிதார் சுருட்டில் கன்னம் அழுந்த,
யாரோ சுவிட்சை அணைத்தாற்போல்.
கண்மை டப்பா ரெஜினாவின் விரலடியில் கிடந்தது.
சட்டம் சட்டம்தான் என்று அவளுக்கும் வரைந்தேன்,
மெதுவாக, சின்னதாக.
ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் போகும்முன்
புரண்டு படுத்துவிட்டாள்.

பாங்கு சொன்னார்கள். மலைக்கு ஓரம் வந்தது.
ஆறு மணிக்கு என் போன் இல்லாததால்
தபஸ்ஸும் வீட்டுப் போனில் அம்மா.
நல்லாத் தூங்கினியா?

ம்.

பாலத்தில் ஏதோ ஒன்று போய்க்கொண்டிருந்தது.
பதினாலு சக்கரமாக இருக்கலாம்.
காலியா, பாரமா,
சொல்லத் தெரியவில்லை.