வலப்பக்க இருக்கை

ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு புள்ளி மூன்று.
இன்று காலை வரை என் வயது அதுதான்,
பறந்த மணிக்கணக்கில்.
பெரிய கம்பெனிகள் ஆயிரத்து ஐந்நூறு கேட்கின்றன.
மிச்சத்தை
அடுத்தவர் தவறுகளுக்குள் உட்கார்ந்துதான்
சேர்க்க வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க். ஜூன்.
ஓடுபாதையின் மறுமுனையைக் காணோம்.
மூட்டம் நின்றால் எஞ்சின் ஓடாது,
மீட்டர் ஓடாவிட்டால் எனக்குச் சம்பளம் கிடையாது.
நேற்றைய ரொட்டியைக் கடித்தபடி ஜன்னலோரம் நின்று
வானத்தை ஒரு வட்டிக்காரனைப்போலப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தேவாஷ்னி தோஹாவுக்குப் போய்விட்டாள்,
ஹெட்செட்டை எனக்குப் பாதி விலையில் தள்ளிவிட்டு.
ரியான் போட்ஸ்வானாவில்
சிங்கம் பார்க்க வந்தவர்களை ஏற்றி இறக்குகிறான்.
நார்த்டேலில் அம்மா கடைக்காரரிடம்
மகள் பைலட் என்கிறாள்;
எந்தக் கம்பெனி என்று அவர் கேட்டால்
கத்தரிக்காய் விலைக்குத் தாவுகிறாள்.

எனக்கு மிஞ்சியவர் லுங்கேலோ ம்கீஸே.
ஐம்பத்தொரு வயது.
இம்பாலி தடத்தில் ஆறு மினிபஸ் டாக்சி.
பாடத்துக்குப் பாடம் ரொக்கம்:
பத்தும் இருபதுமாகக் கசங்கிய ராண்ட் நோட்டுகள்,
ரப்பர்பேண்டு சுற்றி,
முதல் நடை பயணிகளின் சூடு ஆறாமல்.

தரையில் ஓட்டும்போது கையால் திருப்பப் பார்ப்பார்.
"காலால்" என்பேன்.
"முப்பது வருஷத்துக் கை. அதுகிட்டச் சொல்லு."
ஓடுபாதையில் குறுக்கே வந்த ஹடீடாப் பறவைக்கு
ஒருமுறை ஹாரனைத் தேடினார்.

கற்றுக்கொடுப்பது என்றால்
கையை மடியில் வைத்திருப்பது.
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
மூக்கு தூக்குகிறது, வேகம் விழுகிறது,
எச்சரிக்கைக் குழல் அழத் தொடங்குகிறது,
இன்னும் கை மடியில்.
இன்னும்.
அவருக்கே தெரிகிறதா என்று பார்க்க அரை வினாடி.
நாங்கள் இருவரும் உயிரோடிருக்க அரை வினாடி.
இரண்டுக்கும் நடுவில்தான் என் உத்தியோகம்.

பத்தரைக்கு மூட்டம் விலகியது.
மூன்று முறை இறங்கினார்.
மூன்றாவது, சுமார்.
இரண்டாவது, என்னுடையதைவிட நன்றாக இருந்தது,
சொல்லவில்லை.
எஞ்சினை அணைக்காமல் நிறுத்தச் சொன்னேன்.
இறங்கி, வெறும் இருக்கையில்
பெல்ட்டை மறுபடி பூட்டினேன்.
"எங்கே போறே?"
"ஒரே ஒரு சுற்று. தனியா."
ஜூலுவில் ஏதோ சொன்னார்.
என் ஜூலு அவ்வளவு தூரம் வராது. நல்லது.

புல்லில் நின்றேன்.
நிற்கிறவளுக்கு மடி இல்லை;
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
கரும்பு எரியும் புகைக்கு அப்பால்
வெள்ளைச் செஸ்னா ஒரு பல்லளவாகி,
திரும்பி,
மறுபடி விமானமாகத் தொடங்கியது.
ஆறு நிமிடம்.
அவருடைய புத்தகத்தில் ஏறும்.
என்னுடையதில் ஏறாது.
நான் அதில் இல்லை, சட்டம் சரிதான்.

ஒருமுறை குதித்து, பிறகு உட்கார்ந்தது.
மெக்கானிக் யூஹான் வாளித் தண்ணீரை
அவர் தலையில் கவிழ்த்தான், வழக்கப்படி.
முகம் துடைக்காமல் என்னிடம் வந்தார்,
ஏதோ புகார் இருப்பதுபோல:
"நீ இல்லாம அது சட்டுனு ஏறுது."

அறுபத்திரண்டு கிலோ, என்றேன்.

உள்ளே போய்ப் புள்ளி எட்டு எழுதினேன்.
நோட்டுகளை எண்ணினோம், இருபது ராண்ட் குறைந்தது.
சனிக்கிழமை தருகிறேன் என்றார்.
சனிக்கிழமை
மூட்டம் என்கிறது வானிலை அறிக்கை.