இடது மரை

கம்பத்திலிருந்து மெட்டுக்கு ஏறும் சாலையில்
திராட்சைப் பந்தல் முடிகிற இடத்தில் எங்கள் வீடு.
வாசலை அடைத்துக்கொண்டு
நாலு மரக்கட்டைமேல் ஐந்து மாதமாக நின்றது
சக்கரமில்லாத ஜீப்.

வண்டன்மேட்டில் யாரோ ஒருவர்
கோழி அடைத்து வைத்திருந்தாராம் அதில்.
சீட்டு எடுத்த பணத்தை
என்னைக் கேளாமல் கொடுத்துவிட்டு வந்தாள் பவுன்தாய்.
"ஒனக்கு மரை கழண்டு போச்சா?" என்றேன்.
அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொண்டது
உப்பு, கரண்டு பில், பையன் ஃபீஸ்.

பதினோரு வருஷம் ஏலக்காட்டுக்குப் போனவள்.
விடியுமுன் பதினாறு பேரோடு
மடிமேல் மடியாக ஏறி,
கூலியில் வண்டிக்காசு பிடித்தது போக
மிச்சத்தை எண்ணி முடிந்தவள்.
வளைவில் ஜீப் படுத்துக்கொள்ளும்போது
மற்றவர்கள் வெற்றிலை மடிக்க
இவள் மட்டும் இறங்கிப்போய்
டிரைவரின் கை எங்கே போகிறதென்று பார்த்திருக்கிறாள்.
எனக்குத் தெரியாது.
நான் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்.
செம்புக்கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றுவேன்.
நின்ற இடத்தில் ஓடுபவைதான் எனக்குப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை டயர் வந்து இறங்கியது.
திராட்சைக்கு அடித்த மருந்து நாற்றத்தையும் மீறிப்
புது ரப்பர் வாசம்.
அவள் சைலன்ஸர் கிளாம்பை இறுக்கிக்கொண்டிருந்தாள்.
சும்மா நிற்க வெட்கமாயிருந்தது,
சக்கரத்தை உருட்டிப் போனேன்.

வலப்பக்கம் இரண்டும் சொன்ன பேச்சு கேட்டன.
இடப்பக்கம் நட்டு பிடிக்கவேயில்லை.
எண்ணெய் விட்டேன். கம்பி பிரஷ் போட்டேன்.
சுற்றச் சுற்ற வாசலிலேயே வழுக்கி நின்றது.
ஸ்பேனரை எடுத்து நெம்பப் போகையில்
அடியிலிருந்து ஒரு கை வந்து
என் மணிக்கட்டைப் பிடித்தது, முழுக்க கிரீஸ்.

நட்டை வாங்கினாள்.
எதிர்ப்பக்கமாகத் திருப்பினாள்.
பசியோடு வந்த கன்றுபோல உள்ளே போனது அது.

"கழண்டுபோகல," என்றாள்.
"இடது மரை. இந்தப் பக்கம் இப்படித்தான்."

தலையில் பெயின்ட் மூடிய ஓர் எழுத்தை
நகத்தால் சுரண்டிக் காட்டினாள்.
நான் மற்ற நாலையும்
சின்னப் பிள்ளை போல் தலைகீழாக முறுக்கினேன்,
ஒன்று விட்டு ஒன்று.

பிரேக்குக்கு இரண்டு பேர் வேண்டும்.
அவள் பின்சக்கரத்தடியில், கையில் ஹார்லிக்ஸ் பாட்டில்.
நான் பெடலில்.
"அமுக்கு."
"அமுக்கிட்டேன்."
"விடாத, விடாத."
குழாயில் எண்ணெய் இருமியது.
"இப்ப விடு."
திரும்ப, திரும்ப.
பாட்டிலில் குமிழி வந்துகொண்டேயிருந்தது;
அவ்வளவு காற்று எங்கேதான் இருந்ததோ.
பஞ்சாய் இறங்கிய பெடல்
நாலாவது சக்கரத்தில்
காலை எதிர்த்து நின்றது.
"பிடிக்குதா?"
"ம். பிடிக்குது."
பதில் சொன்ன பிறகுதான் காது சுட்டது எனக்கு.

கட்டைகளை உருவியபோது
வண்டி ஒருமுறை மூச்சு விட்டுத் தரையில் உட்கார்ந்தது.
எதிர்வீட்டு மொக்கைச்சாமி
பாதி சவரத்தோடு வந்து பார்த்தார்.
"எலுமிச்சம்பழம் வைக்கலையா?" என்றார்.
வீட்டில் இல்லை. தக்காளிதான் இருந்தது.
வைத்தோம்.

புதுச் சக்கரம் கொஞ்ச தூரம் ஓடியதும்
நட்டை மறுபடி முறுக்க வேண்டுமாம்.
அவள் ஓட்டினாள்.
மூன்றாவது வளைவில் கியர் கத்தியது,
ஆறாவதில் கத்தவில்லை.
கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பந்தலின் பச்சை,
மேலே மேகம் இறங்கிக் கேரளத்தைத் தின்றுகொண்டிருந்தது.

செக்போஸ்டுக்குச் சற்று முன் ஓரங்கட்டினாள்.
குடையோடு வந்தார் ஒரு காவலர்:
"எங்கோட்டா?"

"எங்கயும் இல்ல சார். நட்டு முறுக்க வந்தோம்."

அவருக்குப் புரியவில்லை.
அவள் வலப்பக்கம் குனிந்தாள்.
நான் கேட்காமலே
இடப்பக்கம் போனேன்.