பெற்றுக்கொண்டேன்

ஷெல்பர்ன் துறைமுகத்தில் அன்று பெய்தது மழையில்லை,
மழைக்கும் பனிமூட்டத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று.
மீன் ஆலைக்குத் தணிக்கைக்குப் போனவன் நான்.
மதியத்தோடு வேலை முடிந்துவிட
ஈரம் பொறுக்காமல் காட்சியகத்துக்குள் ஒதுங்கினேன்.
கண்ணாடிப் பெட்டியில் ஒரு பேரேடு.
கணக்கப்பிள்ளை என்றதும் காப்பாளர் சிரித்து
பக்கம் புரட்டக் கையுறை தந்தார்.

ஆம்ப்ரோஸ் ஹாலெட். கனவான்.
நியூயார்க்கில் மன்னர் பக்கம் நின்று, தோற்று,
குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர்.
வந்த இடத்திலும் சோடை போகவில்லை:
மரம் அறுக்கும் ஆலை, இரண்டு கிட்டங்கி,
உப்பிட்ட காட் மீன் ஆயிரம் குவிண்டால்.
அடித்தல் திருத்தல் இல்லாத கை.

1787 மே, ஒரு செவ்வாய்.
வரிசையாக எழுதியிருக்கிறார்:
ஆணி நாலு ராத்தல்.
மெழுகுவர்த்தி இரண்டு டஜன்.
பொய்முடிக்குப் பூச மாவு.
பாய்மரக் கப்பல் ஒன்று.
பீரங்கி ஆறு.
மனைவிக்குத் தையல் நூல், நீலம்.

ஏன் என்று எழுதப் பேரேட்டில் பத்தி கிடையாது.
கடன் தொல்லையோ என்று கூட்டிப் பார்த்தேன்.
இல்லை. கையிருப்பு கொழுத்துக் கிடந்தது.
மனைவியின் வாய்க்குப் பயந்து ஓடினார் என்றதாம் ஊர்.
கப்பலுக்கு அவள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்:
புரூடன்ஸ்.
விவேகம் என்று அர்த்தம்.

கொள்ளைக்காரர்களுக்குச் சனிதோறும் சம்பளம்.
பங்கு கேட்டே பழகிய மாலுமிகள்
உள்ளங்கையில் விழுந்த வெள்ளியைக்
கடித்துப் பார்த்தார்களாம், செல்லாக் காசோ என்று.
முதல் பத்து நாள் முதலாளிக்கு ஓயாத வாந்தி.
அதற்கும் பற்று உண்டு: இஞ்சி, அரை ராத்தல்.

கேப் சேபிளுக்குத் தெற்கே முதல் வேட்டை.
வெல்லப்பாகு நாற்பது பீப்பாய்.
நடுங்கி நின்ற கப்பல்தலைவன் முன்
தொப்பியைக் கழற்றி வணங்கி,
மேசை வரவழைத்து, மை வரவழைத்து
ரசீது எழுதி நீட்டினார்:
'மேற்படி சரக்கை நல்ல நிலையில்
பெற்றுக்கொண்டேன்.'
ஒப்பம். தேதி.

பதினொரு கப்பல். பதினொரு ரசீது.

ஹாலிஃபாக்ஸ் மன்றத்தில் சாட்சிகள் குழறினார்கள்,
இருட்டு என்றார்கள், முகம் நினைவில்லை என்றார்கள்.
தாள்கள் குழறவில்லை.
கயிறு என்ன விலை என்று
அவர் விசாரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்
முன்பக்கங்களுக்குத் திரும்பும் வரை.
1784 அக்டோபர்.
இரும்புச் சட்டி ஒன்று.
பசு, கன்றோடு.
டைனா என்னும் பெண், வயது பத்தொன்பது, பல் ஒன்று குறைவு.
நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.
ஒப்பம். தேதி.
அதே மை. கடைசி எழுத்தின் கீழ் அதே சுழி.

இந்தத் தாளை எந்த மன்றமும் கேட்டு வாங்கவில்லை.
கரையில் செய்தபோது
பீரங்கி தேவைப்படவில்லை அவருக்கு.

அவர் கடலில் இருந்த ஜூனில்
பேரேட்டில் வேறொரு கை, நெருக்கி எழுதிய கை,
விவேகத்தின் கையாக இருக்கலாம்:
'சமையற்காரியைக் காணோம்.
சட்டியையும்.'
விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் பிர்ச்டவுனில்
விடுதலைச் சீட்டு வைத்திருந்தவர்கள்
மண்ணைத் தோண்டிக் குடிசை போட்டிருந்த காலம்.
அங்கேதான் போனாளா, தெரியாது.
எங்கே போனாலும் அன்றிரவு
அந்தச் சட்டியில் ஏதோ கொதித்திருக்க வேண்டும்.

கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக்
காருக்கு வந்தேன்.
பக்கத்து இருக்கையில் மீன் ஆலையின் கோப்பு.
தற்காலிகத் தொழிலாளர் இருபத்தெட்டுப் பேர்.
வாடகைப் பிடித்தம். பேருந்துப் பிடித்தம்.
கையுறைக்கும் பிடித்தம்.
ஒவ்வொரு வரிக்கும் எதிரே
பெற்றுக்கொண்டேன், பெற்றுக்கொண்டேன் என்று
கோணல்மாணலாய்க் கையெழுத்து.
கூட்டல் சரி. எல்லாம் முறைப்படி.
என் ஒப்பம் ஒன்றுதான் பாக்கி.

ஹீட்டர் சூடேற நேரமெடுத்தது.
பேனாவின் மூடியைத் திறந்தேன்,
மூடினேன்.
கண்ணாடிக்கு வெளியே
கடல் இருக்கும் திசை மட்டும் தெரிந்தது.