மாதிரி எண் 41

சீப்புச்சீடை டப்பாவில் வந்தது.
மூடியில் கடைப்பெயர், கீழே ஒட்டிய தாளில் நீல மை:
"மூணு மாசம் ஊத்துச்சு. இப்பத் தண்ணி வரலை.
என்னன்னு பாருங்க. தேனம்மை, கோட்டையூர்."
உள்ளே மிளகு அளவில் வெள்ளை உருண்டைகள்,
ஓரங்களில் பழுத்த மஞ்சள்.

இரவுக் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்து
பகல் வெயிலில் கக்க வேண்டிய சாமான்.
அலுமினியத்தை வரிசையாக நிறுத்தி
ஃபியூமாரிக் அமிலத்தால் பூட்டிய சட்டகம்.
சுவரைவிட வெற்றிடம்தான் அதிகம் அதில்.
ஒரு கிராமைப் பிரித்து விரித்தால்
இருபத்தைந்து சென்ட் பரப்பு வரும்.
நைட்ரஜனை விட்டு அளந்தேன்.
ஏழு சென்ட்.
பதினெட்டு சென்டை யாரோ ஆக்கிரமித்திருக்கிறார்கள்.

எக்ஸ்-கதிர் அறையிலிருந்து முத்தழகு சொன்னான்:
"கட்டடம் நிக்குது மேடம், ஒரு செங்கல் அசையல."
சூடேற்றி எடை பார்த்தேன்.
நூறு டிகிரிக்குள் தண்ணீர் போயிற்று,
நானூறைத் தாண்டினால் சட்டகம் எரியும்.
நடுவில், முந்நூறை நெருங்கையில்,
பந்தி முடியுமுன் எழுந்துபோகிறவர் மாதிரி
எதுவோ நழுவியது.

வெளிக்குழாயில் குனிந்தேன். செய்யக்கூடாதுதான்.
மூன்றாம் நாள் எண்ணெயின் வாசம்.
மூக்குக்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் கிடையாது,
அறிக்கையில் அதற்கு வரி இல்லை.

ஆகவே காரத்தில் கரைத்தேன்.
சட்டகம் பேசாமல் பிரிந்தது.
குழாயைக் குலுக்கினேன்.
நுரைத்தது.
சட்டகம் நுரைக்காது. அலுமினியம் நுரைக்காது.
எண்ணெயும் காரமும் சேர்ந்தால்
என்னவாகும் என்று சோப்புக்காரனுக்குத் தெரியும்.

பேனாவைத் திறந்த பிறகுதான்
மேசைமேல் டப்பா கண்ணில் பட்டது.
சீப்புச்சீடை டப்பா.
எண்ணெய் காற்றில் வந்ததா, டப்பாவில் வந்ததா?

நகரப் பேருந்தில் கோட்டையூர்.
பையில் மூன்று கண்ணாடிக் குப்பிகள்,
எரித்துச் சுத்தமாக்கிய கரண்டி ஒன்று.
மொட்டைமாடியில் எந்திரம், கிழக்கே வாய்.
அந்த வாய்க்கு நேர் கீழே கொட்டகை,
கொட்டகையில் நாலு அடுப்பு,
பங்குனி முழுக்கக் கல்யாண ஆர்டர்.
முதல் தட்டு, நடுத்தட்டு, கடைசித் தட்டு:
தனித்தனியே அள்ளினேன்.
தேனம்மை மாவுக் கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் குப்பியில் விரல்கடை நுரை.
இரண்டாவதில் வளையல் அளவு ஒரு வட்டம்.
மூன்றாவதில் ஒன்றுமில்லை.
டப்பா நிரபராதி.

தொலைபேசியில் கேட்டார்:
"அப்ப அது இத்தன நாளும் குடிச்சது எண்ணெயா?"
"ரெண்டையும் குடிச்சிருக்குங்க.
தண்ணிய வெயில் வந்தா திருப்பிக் குடுத்துடும்.
எண்ணெயக் குடுக்காது."
கொஞ்ச நேரம் வாணலிச் சத்தம் மட்டும்.
"அப்ப நான் அடுப்ப நகத்தவா, மிசின நகத்தவா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
குறிப்பு என்ற இடத்தில் பென்சிலால் எழுதினேன்:
'வாயை மேற்கே திருப்பலாம்.
முதல் தட்டைச் சாராயத்தில் கழுவிப் பார்க்கலாம்,
முழுதும் மீளும் என்று சொல்வதற்கில்லை.'
'சாராயத்தில்' என்பதை அடித்து 'எத்தனாலில்' என்று மாற்றினேன்.

எஞ்சிய மாதிரி: 2.6 கிராம். திருப்பி அனுப்புக.
டப்பாவை இரண்டு முறை கழுவினேன்.
இன்னும் மணக்கிறது.