சதுரமாய் நிற்றல்

பொரளைச் சந்தியில் முதல் டிராம் முனகும் நேரம்
அவித்த பார்லியில் ஆளிவிதை கலந்து கையால் பிசைவேன்.
சூடு என் விரலுக்குப் பொறுத்தால்
அதன் நாக்குக்கும் பொறுக்கும்.

இரண்டு வயது. பம்பாய்க் கப்பலில் இருந்து இறங்கிய அன்று
ஜெட்டியில் நின்றும் அதன் கால்கள் கடலிலேயே ஆடின.
விலா எலும்பை எண்ணலாம்.
இப்போது எண்ண முடியாது.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதலில் வாய். தேன் தடவிய இரும்பு.
கடித்தது, துப்பியது,
பிறகு தேன் தீர்ந்த பின்னும்
தேனை நினைத்துக்கொண்டு இரும்பை மென்றது.

முதுகில் வெறும் சாக்கு. அப்புறம் என் முழங்கை.
ஒருநாள் குறுக்கே படுத்துக் கிடந்தேன், அரிசி மூட்டை போல.
அதன் நெஞ்சு என் வயிற்றில் அடித்தது.

வெள்ளவத்தைக் கடலில் முழங்கால் நனைய நிறுத்தினால்
நரம்பு இறுகும் என்பார் லாங்கன்பர்க் துரை.
அலை வந்தால் என் பின்னால் ஒளியும்,
என்னைப்போல் ஆறு மடங்கு இருந்துகொண்டு.

ஓட யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை.
நிற்கத்தான் பத்து வாரம் போனது.
நாலு குளம்பும் நாலு மூலையில்,
காது முன்னே,
கண்ணோரம் ஈ உட்கார்ந்தாலும்.

இடது முன்குளம்பு மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்கும்.
துரை எதுவும் சொல்லவில்லை.
ஒரு வாளி மணலை என் அருகில் வைத்துவிட்டுப் போனார்.

ஏலத்தன்று பிடரிக்கு ஈரச் சீப்பு, மூக்கோரம் வாஸலீன்.
மூன்று குளம்புக்கு எண்ணெய்.
நாலாவது மணலுக்குள்.

ஹாத்திம்பாய் முதலாளி உதட்டை விலக்கிப் பல் பார்த்தார்.
கிளாக்கர் வாசித்தார்: தாய் இன்னது, தாயின் தாய் இன்னது,
அதன் தகப்பன் அயர்லாந்தில் எந்தக் கொட்டிலில், எந்த மாதம்.
ஏழு தலைமுறை.
நடத்திக் காட்டவா என்றேன்.
காகிதம் இருக்கிறதே, போதும் என்றார்.

என் சட்டைப்பையில் நாலாய் மடித்த படிவம்.
தகப்பன் பிறந்த இடம். தகப்பனின் தகப்பன் பிறந்த இடம். அத்தாட்சி.
ஹட்டனுக்குக் கீழே ஏதோ லயம், மழைநாள் என்பார் அப்பா.
மழைநாள் என்று எழுதலாமா என்று கேட்டேன்.
கந்தோரில் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை வா.

சுத்தியல் விழுந்தது. நாலாயிரத்து இருநூறு.
கயிற்றைக் கைமாற்றினேன். அது அசையவில்லை.
நிற்கத்தானே பழக்கினேன்.
புது ஆள் இழுத்தான். மறுபடி இழுத்தான்.
நான் நாக்கைச் சொடுக்கினேன், ஒரே தடவை,

மணலை உதறிக்கொண்டு வெளியே வந்தது
எண்ணெய் படாத நாலாவது குளம்பு,
ரீட் அவெனியூப் பக்கம் பார்த்தபடி.