விழுகிற வகுப்பு

புதன்கிழமை பத்தரைக்கு
கீழ்த்தளத்தில் விழுகிற வகுப்பு.
லிஃப்ட் கண்ணாடியில் ஒட்டிய தாளில்
ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் போட்டிருந்தது:
பாதுகாப்பாக விழப் பழகுங்கள்,
முதல் மாதம் இலவசம்.
இரண்டு மொழியிலும் இரண்டு தரம் வாசித்தேன்,
நான்தான் பிழையாய் விளங்கினேனோ என்று.

பீல் நகரில், ரயில்பாதைக்குப் பக்கத்தில்
முதியோருக்கென்று கட்டிய ஐந்து மாடி.
குளிக்கிற இடத்தில் கைபிடி,
கட்டில் தலைமாட்டில் சிவப்புக் கயிறு,
மணிக்கட்டில் பொத்தான்.
விழாமலிருக்க எல்லாம் செய்துவிட்டு
இப்போது விழச் சொல்கிறார்கள்.

ஃப்ளூரினா, ஜூடோக்காரி, முதலில் தானே விழுந்தாள்.
பக்கவாட்டில்,
நனைந்த போர்வை கொடியிலிருந்து நழுவுகிற மாதிரி.
அதை எனக்குத் தெரியும்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
இருபத்து மூன்று வருஷம்
நனைந்த போர்வைகளோடு இருந்தவள் நான்.
"நாடியை நெஞ்சோடு வையுங்கள். கையை ஊன்ற வேண்டாம்.
மூச்சை விடுங்கள். எலும்பை விட்டுச் சதையால் விழுங்கள்."
சதைக்கு என்னிடம் குறைவில்லை.

மதாம் ஷொஃபாவுக்கு எண்பத்து நாலு.
"என் இடுப்புக்கு மட்டும் மூன்று வயது"
என்றபடி உட்கார்ந்த நிலையிலேயே சரிந்தார்.
வூத்ரிக், கண்ணிமை மயிரிலும் மெல்லிய திருகாணிகளை
நாற்பது வருஷம் கைக்கடிகாரங்களுக்குள் முடுக்கியவர்,
வெள்ளை மீசையோடு
ஒரு அலமாரி போல விழுந்தார்.
நான் நின்றேன்.

மூன்று புதன், நீலப் பாயின் நடுவில்
நின்றுகொண்டே இருந்தேன்.
இரவில் எல்லை கடந்தபோது
இடுப்பில் பிள்ளை, காலடியில் பனிக்கட்டி: விழாதே.
சவர்க்காரத் தண்ணீர் ஓடும் தரையில்
வண்டி தள்ளியபோது: விழாதே.
விசா அலுவலகத்தில், யார் காலிலும்: விழாதே.
இந்த உடம்புக்கு வேறெதுவும்
இத்தனை கவனமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஃப்ளூரினா தள்ளவில்லை.
"அவசரமில்லை, தரை எங்கும் போகாது" என்றாள்.

நாலாம் புதன் விழுந்தேன்.
பொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.
பிறகு சிரிப்பு வந்து நிற்கவே இல்லை.
எங்கள் மொழியில் விழுந்து விழுந்துதான் சிரிப்போம் என்று
என் சலவைக்கூட ஜெர்மனில் சொன்னேன்.
விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத
வீரரையும் சொன்னேன்.
வூத்ரிக் தன் மீசையைத் தடவிப் பார்த்தார்.
அன்றிலிருந்து ஒவ்வொரு விழுகைக்கும் பிறகு
பாயில் மல்லாந்தபடி என்னைக் கேட்பார்:
"மண்?"
அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல்.
"இல்லை" என்பேன்.

மாசிப் பனியில் ஒரு செவ்வாய்.
காலை ஆறிலிருந்து ஏழரைவரை
துவைக்கும் அறை எனது முறை.
கதவைத் திறந்தேன்.
உலர்த்தும் இயந்திரத்தின் காலடியில் வூத்ரிக்.
நாலு மணிக்கு நித்திரை வராமல்
தொலைந்த காலுறையைத் தேடி வந்தாராம்.
பொத்தான் மேலே, சார்ஜில்.
நாடி நெஞ்சோடு இருந்தது.
கை ஊன்றப்படாமல் மடங்கியிருந்தது.
அதற்குள் அந்தக் காலுறை.

நான் அவரைத் தூக்கவில்லை.
என் பொத்தானை அமத்தினேன்.
அதிலிருந்த பெண்குரல் பிரெஞ்சில் தொடங்கி
ஜெர்மனுக்கு மாறி, வருகிறோம் என்றது.
கூடையிலிருந்த துவாயை மடித்து
தலைக்குக் கீழே வைத்தேன்.
பிறகு நானும் விழுந்தேன்,
மெதுவாக, பக்கவாட்டில், அவருக்கு அருகே,
இரண்டு முழங்காலும் நன்றி சொல்லும் விதமாக.

சீமெந்துத் தரை சில்லென்றிருந்தது.
அவர் உதடு நடுங்கிற்று.
"மண்?"

மீசை முழுக்கப் பஞ்சு.
யார் யாருடைய உடுப்பிலிருந்தோ உதிர்ந்த
சாம்பல் நிறப் பஞ்சு.

"இல்லை" என்றேன்.