தோற்றவனுக்கு ஒரு நகல்

புத்தூருக்கு எலும்பு முறிந்தவர்கள் ஒரு பஸ்ஸில் வருவார்கள்,
பாகம் முறிந்தவர்கள் அடுத்த பஸ்ஸில்.
முட்டையும் துணியும் வைத்துக் கட்டுகிறவர் வீட்டுக்கு
அவர்கள் போவார்கள்.
இவர்கள் எங்கள் மாடிப்படி ஏறுவார்கள்.

தா. சஞ்சீவி, பி.ஏ., பி.எல்.
பலகையில் தெலுங்கு மேலே, தமிழ் கீழே,
இங்கிலீஷை வெயில் தின்றுவிட்டது.
நான் டைப்பிஸ்ட். என் மேஜையில் இரண்டு மிஷின்.
அவர் தமிழில் திட்டிக்கொண்டே தெலுங்கில் சொல்லுவார்,
நான் திட்டை விட்டுவிட்டு அடிப்பேன்.
ஒரே ஒரு தடவை விடவில்லை.
முன்சீப் படித்துவிட்டுச் சிரித்தாராம்.
அந்தக் கேஸ் ஜெயித்தது.

ஏகாம்பரகுப்பம் தறிக்காரர்கள்
கரண்ட் பில்லைத் தூக்கிக்கொண்டு வந்த வருஷம்
அவர் ஃபீஸ் வாங்கவில்லை.
என் சம்பளமும் இரண்டு மாசம் நின்றது.
அப்போதே எனக்குத் தெரியும், ஏதோ வரப்போகிறதென்று.
வந்தது. மாலை, ஜீப், ஒலிபெருக்கி,
ஒவ்வொரு ஊர் முனையிலும் பாஷை மாற்றிக்கொள்ளும் தொண்டை.
நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில்
டெல்லி.

உறுதிமொழியை இரண்டு பாஷையிலும் அடித்துக் கொடு என்றார்.
எதைப் படிப்பீர்கள்?
ரயிலில் யோசிக்கிறேன்.

டீக்கடை டெலிவிஷனில் தெலுங்கு கேட்டது.
பாதிப் பேர் கைதட்டினார்கள்,
பாதிப் பேர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.
நான் அவர் கையைப் பார்த்தேன்.
தமிழ் மிஷினின் ரிப்பனில் மட்டும்தான்
எழுத்துக்கு அடியில் சிவப்பு கசியும்.
தூரத்தில்தான் காட்டினார்கள், ஆனாலும்
அந்தத் தாளில் சிவப்பு இருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து வருஷத்தில் அறுபத்தெட்டுக் கேள்வி.
மாங்கூழ் ஆலைக்கு வரி, தறிக்கு மின்சாரம்,
குசஸ்தலை மணலை ராத்திரியில் அள்ளும் லாரி.
பதில்கள் என்னிடம் வரும், ஃபைலில் கோர்க்க:
தகவல் திரட்டப்பட்டு வருகிறது.
வாய்தா என்ற மூன்றெழுத்துக்கு
டெல்லியில் இத்தனை எழுத்து.

ஒரு வெள்ளிக்கிழமை மசோதா ஒன்று கொண்டுவந்தார்.
எல்லைத் தாலுகாக்களில் தீர்ப்பின் நகலைத்
தோற்றவனுக்குப் புரிகிற பாஷையில் தரவேண்டும்.
ஜெயித்தவனுக்கு? என்று போனில் கேட்டேன்.
அவனுக்கு எந்த பாஷையிலும் புரியும் என்றார்.
அது விவாதத்துக்கு வரவில்லை.
சபை கலைந்தது, கூடவே அதுவும்.

அடுத்த தேர்தலில் டெபாசிட் மட்டும் மிஞ்சியது.
கறுப்புக் கோட்டில் கக்கத்துத் தையல் விட்டிருந்தது.
தைக்கக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் வீட்டிலேயே கிடந்தார்.
எட்டாம் நாள் படியேறி வந்து
மின்விசிறியைப் போட்டார், தூசி பறந்தது,
இருவரும் தும்மினோம்.

அன்றைக்குத்தான் தேசம்மா வந்தாள்.
கிணற்றுப் பங்கு கேஸ், அவர் டெல்லி போகுமுன்னே போட்டது.
ஹைகோர்ட்டில் ஏறி, உட்கார்ந்து, இறங்கி
இங்கிலீஷில் பதினொரு பக்கமாகத் திரும்பியிருந்தது.
முந்தானையில் சுருட்டிக் கொண்டுவந்தாள், முறுக்கு மாதிரி.
இதுல என்னா சொல்லியிருக்குது?

படியிலேயே உட்கார்ந்து வரிவரியாகச் சொன்னார்,
அவள் பேசுகிற தமிழில்,
அவள் தெலுங்குக்குத் தாவும் இடத்தில் தானும் தாவி.
கிணறு உன்னுது இல்லேன்னு போட்டுருக்கு.
மறுபடி சொல்லுங்க.
சொன்னார்.
மறுபடி.
மூன்றாம் தடவை அவர் குரல் சபையில் கேட்டதைவிட
நன்றாக இருந்தது.

அப்போ தண்ணி?

ஒன்பதாம் பக்கத்துக்குப் போனார், நாலாம் பக்கத்துக்கு வந்தார்.
தண்ணியப் பத்தி ஒண்ணும் எழுதல, தேசம்மா.

அப்போ நான் எறச்சிக்கினே இருப்பேன் என்று சொல்லி
கடைசிப் பஸ்ஸுக்கு ஓடினாள்,
தீர்ப்பை விட்டுவிட்டு.

அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.
ஜன்னலில் நகரி மூக்கு இருட்டிக்கொண்டு வந்தது.
பிறகு உள்ளே வந்து தாள் போடச் சொன்னார்,
தமிழ் மிஷினில், மூன்று நகல்.
உருளையைத் திருகிக்கொண்டிருந்தேன்.
என்னைப் பார்க்காமல் கேட்டார்:
சிவப்பு இன்னும் கசிகிறதா?